சாமி ரூம் ஜீரோ வாட் பல்பு

வியாழக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஐந்து வரை கரண்ட் இருக்காது, கேபிள் மாற்றுகிறார்கள் என்று திங்கட்கிழமை மொபைலில் செய்தி வந்தது. கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் தெருக்காரர்களுக்கு ஃப்ரிட்ஜில் இருக்கும் மீனை என்ன செய்வது என்ற கவலை. எனக்கு, என் கணவர் அந்த எட்டு மணி நேரம் எப்படி மூச்சு விடுவார் என்ற கவலை.

அவருக்கு நுரையீரல் சுருங்கிக்கொண்டே வரும் வியாதி. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும், அதன் குழாய் அவர் மூக்கில் இருக்கும். எங்கள் இன்வெர்ட்டர் அந்த மெஷினை இரண்டரை மணி நேரம் தாங்கும், பிறகு கையை விரித்துவிடும். அவசரத்துக்கென்று ஒரு சின்ன சிலிண்டர் உண்டு. அது ஒன்றரை மணி நேரத்துக்குக் காணும். ஒரு நாள் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துக்கொள்ளலாமே என்றேன். போன முறை அங்கே போய்க் காய்ச்சலை வாங்கிக்கொண்டு வந்தவர், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதனால் தோப்பும்படியில் ஒரு ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்தேன். அதன் கரண்டை இன்வெர்ட்டருக்குக் கொடுத்துவிட்டால், பெட்ரோல் ஊற்ற நிறுத்தும்போதும் மெஷின் நிற்காது. கேட்க எவ்வளவு சுலபமாக இருந்தது! புதன்கிழமை மத்தியானம் எலக்ட்ரீஷியன் சேட்டன் வந்து, கொல்லையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் அதை வைத்து இணைத்தார். இருபது வருஷமாக எங்கள் தெருவுக்கு அவர்தான்; நான் அவரைச் சேட்டன் என்பேன், அவர் என்னைச் சேச்சி என்பார். அவரும் நானும் பேசுவதைக் கேட்டால் மலையாளிக்கும் சிரிப்பு வரும், தமிழனுக்கும் சிரிப்பு வரும்.

ஜெனரேட்டர் ஓடியது. ஒரு டேபிள் ஃபேனை நேரே சொருகினால் ஜம்மென்று சுற்றியது. இன்வெர்ட்டரை இணைத்தால் மட்டும், டக். ஜெனரேட்டரிலிருந்த ஈ.எல்.சி.பி. சுவிட்ச் விழுந்துவிடும். எங்கேயாவது கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற காவல் சுவிட்ச் அது. எங்களுடைய இந்தப் பழைய வீட்டில் அப்படி ஒரு சமாசாரமே கிடையாது.

"எல்லா சுவிச்சும் ஓஃப் ஆக்கியோ சேச்சி?"

ஆக்கினேன். அடுக்களை, கூடம், குளியலறை, எல்லாம். மெஷினைக்கூட நிறுத்தி, அவரை ஐந்து நிமிஷம் சிலிண்டருக்கு மாற்றினோம். மறுபடியும் டக். சேட்டன் எர்த் கம்பியைப் பார்த்தார், வேறு வயர் போட்டுப் பார்த்தார், இன்வெர்ட்டரின் முதுகைக் கழற்றிப் பார்த்தார். "ஒண்ணும் மனசிலாவுன்னில்ல" என்று, ஒன்றும் பிடிபடாமல் தலையைச் சொறிந்தார்.

இதற்குள் நான் ஒன்றைப் பார்த்திருந்தேன். பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் சாமி ரூமில் படங்களுக்கு மேலே ஒரு சிவப்பு ஜீரோ வாட் பல்பு உண்டு. மாமனார் காலத்தில் போட்டது. அதற்கு சுவிட்சே கிடையாது. இரவும் பகலும் எரியும். ஜெனரேட்டர் டக்கென்று விழும்போதெல்லாம் வீட்டின் மற்ற விளக்குகள் பேட்டரியில் எரிந்துகொண்டே இருந்தன. சாமி விளக்கு மட்டும் அணைந்தது. ஜெனரேட்டருக்கு மாற்றுகிற கைப்பிடியைச் சேட்டன் பழையபடி மெயின் லைனுக்குத் திருப்பினால் மீண்டும் எரிந்தது. முதல் தடவை கண் கோளாறு என்று நினைத்தேன். மூன்றாவது தடவை அப்படி நினைக்க முடியவில்லை. யாருடைய உயிர் அணையப் போகிறது என்று கேட்க, இந்த வீட்டில் மூச்சுக்குப் போராடுகிறவர் ஒருவர்தானே? வாயைத் திறந்து சொன்னால் பலித்துவிடும் என்று பயந்தேன். படித்தவள்தான், இருந்தாலும் பயந்தேன்.

வியாழன் காலை எட்டு மணிக்கே சேட்டன் வந்துவிட்டார். ஒன்பதுக்குச் சொன்னபடி கரண்ட் போனது. மழை வேறு. இன்வெர்ட்டர் மெஷினைத் தாங்கிக்கொண்டிருக்க, சேட்டன் மறுபடி ஆரம்பித்தார். டக். டக். டக். பத்தரைக்கு இன்வெர்ட்டர் பேட்டரியில் பாதிக்கும் கீழே காட்டியது. ஜெனரேட்டர் கொடுத்தவனுக்கு ஃபோன் செய்தேன். அந்த சுவிட்சை ஒதுக்கி நேரே வயரைக் கொடுங்கள், ஓடும் என்றான். அதையே சேட்டனிடம் சொன்னேன்.

"அது வேண்டா சேச்சி. அது ஆளைக் கொல்லும்."

கோபம் வந்தால் எனக்கு மலையாளம் மறந்துவிடும். "உள்ள ஒருத்தர் மூச்சுக்குத் தவிக்கப் போறார், நீங்க எனக்குச் சட்டம் பேசறேளா? யாரைக் கொல்லும்? கொன்னா என்னைக் கொல்லட்டும். போட்டுக் குடுங்கோ!"

உள்ளேயிருந்து என் கணவரின் குரல் கேட்டது. "நீ கத்தினா எனக்கு இன்னும் மூச்சு முட்டறதுடீ."

சேட்டன் என்னையே பார்த்தார். பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு, நான் சொன்னபடி செய்யக் கொல்லைக்கு நடந்தார். நான் சாமி ரூமுக்குப் போனேன். பல்பு அணைந்திருந்தது. அதற்கு மேல் அடக்க முடியவில்லை, சத்தமாக அழுதுவிட்டேன். வயர்த் துண்டு ஒன்று கேட்கத் திரும்பி வந்த சேட்டன் வாசலில் நின்றார். "இந்த விளக்கு வேற நேத்திலேர்ந்து அணைஞ்சு அணைஞ்சு போறது, இனி என்ன இருக்கு" என்றேன்.

"ஏது விளக்கு?"

காட்டினேன். எப்போதெல்லாம் அணைந்தது, எப்போது எரிந்தது என்று இரண்டு தடவை கேட்டார். "இது ஆத்யம் பறயண்டே சேச்சி!" என்று தலையில் அடித்துக்கொண்டார். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா என்று அவர் அடித்துக்கொண்ட அடி எனக்கும் விழ வேண்டியதுதான். எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டேன் என்று சொன்னவள் நான்; சாமி விளக்கு என் கணக்கிலேயே வரவில்லை.

ஸ்டூல் போட்டு ஏறி அந்த பல்பைக் கழற்றினார், அதன் வயரையும் இன்வெர்ட்டர் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டார். ஜெனரேட்டரை இழுத்துக் கிளப்பினார். இன்வெர்ட்டருக்குக் கொடுத்தார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். டக் சத்தம் வரவில்லை. ஒரு நிமிஷம், ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். பேட்டரி ஏற ஆரம்பித்தது.

சேட்டன் பிறகு விளக்கிச் சொன்னார். போன கரண்ட் முழுக்கப் போன வழியே திரும்பி வந்தால்தான் அந்தக் காவல் சுவிட்ச் விழாமல் நிற்கும். கொஞ்சம் குறைந்தாலும் யாரோ ஒருவர் உடம்பு வழியே போகிறது என்று எண்ணி விழுந்துவிடும். இந்த பல்புக்குக் கரண்ட் எங்கள் பக்கத்திலிருந்து போகிறது. திரும்புகிற வயரோ சுவரைத் துளைத்து அந்தப் பக்கம் போகிறது. பெயர்தான் ஜீரோ வாட், அந்தப் பழைய பல்பு பதினைந்து வாட் இழுக்குமாம்.

அந்தப் பக்கம் என்பது என் கணவரின் அண்ணா வீடு. ஒரே வீடாக இருந்ததுதான். நாலு வருஷத்துக்கு முன்னால் பாகம் பிரித்து, கூடத்தின் நடுவே சுவர் எழுப்பினார்கள். சொல்லவே வெட்கமான ஒரு கிணற்றுச் சண்டையில் பேச்சு நின்றது. மீட்டரைப் பிரித்தார்கள், கிணற்றைப் பிரித்தார்கள், பாத்திரத்தைப் பிரித்தார்கள். இந்த ஒரு வயரைப் பிரிக்க யாருக்கும் தோன்றவில்லை.

"அப்புறத்து ஆளோடு பறயணும். அந்த வயரை அவர் தொடக் கூடாது" என்றார் சேட்டன். நாளைக்குச் சொல்லலாமா என்றேன். இப்போதே என்றார்; இந்தப் பக்கம் கழற்றியாகிவிட்டது, அந்தப் பக்கம் அவர் தெரியாமல் எதிலாவது இணைத்தால் இங்கே சாமி ரூமில் கரண்ட் வந்து நிற்குமாம்.

குடையை எடுத்துக்கொண்டு தெருவைச் சுற்றிப் போனேன். அண்ணாவின் மனைவி, மன்னி, கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. என் கணவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்கிறாள். "ஒண்ணும் இல்லை மன்னி, நன்னா இருக்கார்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே பார்த்தேன்.

அண்ணா ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தார். ஸ்விட்ச் போர்டு திறந்து கிடந்தது. இடது கையால் போர்டின் இரும்புப் பெட்டியைப் பிடித்திருந்தார். வலது கையில், சுவரிலிருந்து வந்த ஒரு பழைய கறுப்பு வயர். அதன் நுனியில் செம்பு பளபளத்தது.

"அண்ணா, இறங்குங்கோ" என்றேன். நாலு வருஷத்துக்குப் பிறகு அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது.

"கரண்டே இல்லையே, எதுக்குப் பயப்படறே? மெயினும் ஆஃப் பண்ணியாச்சு" என்றார். "காலம்பறலேர்ந்து உங்க ஜெனரேட்டர் நின்னு நின்னு போறது. பதினோரு தடவை எண்ணிட்டேன். எங்க இன்வெர்ட்டர்லேர்ந்து அவனுக்கு ஒரு லைன் இழுத்துடலாம்னு பார்க்கறேன். இந்த வயர் எங்க போறதுன்னுதான் தெரியலை, இப்பத்தான் கழட்டினேன்."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மன்னி தண்ணீர் கொண்டுவந்தாள். நான் கத்தினபடி சேட்டன் அந்த சுவிட்சை ஒதுக்கியிருந்தால், எங்கள் ஜெனரேட்டர் கரண்ட் இந்நேரம் அந்தச் செம்பு நுனியில் இருந்திருக்கும்.

இப்போது அண்ணா தினமும் சாயங்காலம் வருகிறார். தம்பியின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இருவரும் ஒன்றும் பேசாமல் கிரிக்கெட் பார்க்கிறார்கள். நான் காப்பி கொடுக்கும்போது, டம்ளரை வாங்கிக்கொள்கிற அந்த வலது கையைப் பார்க்காமல் இருக்க எனக்கு முடிவதில்லை. அன்றைக்கு நான் என்ன கத்தினேன் என்பது சேட்டனுக்கும் என் கணவருக்கும் மட்டும் தெரியும். அண்ணாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன். இன்னும் சொல்லவில்லை.