பதினேழு பேர் பார்த்த படம்

அரபு நாட்டில், முசஃபாவில் ஏசி மெக்கானிக்காக இருந்த கார்மேகம், ரூமுக்குள் கரப்பான் வந்தால் அட்டையில் ஏந்திப் போய் வெளியே விட்டுவருகிற ஆள். 2004-இல் லீவில் உசிலம்பட்டிக்குப் போனபோது, டீக்கடையில் வைத்து விஜயபாஸ்கர் என்ற இளம் இயக்குநர் அவரைப் பிடித்துக்கொண்டார். வேறு சாதிப் பையனை விரும்பிய மகளுக்குச் சோற்றில் விஷம் வைக்கும் தகப்பன் வேடம்.

"பாத்தா யாருக்கும் சந்தேகமே வரக்கூடாதுண்ணே. அதுக்கு உங்க மூஞ்சிதான் சரி."

யாரிடமும் மாட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லாத கார்மேகம் இருபது நாள் நடித்துக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார்.

படம் முடிந்தது, தியேட்டர்தான் கிடைக்கவில்லை. விநியோகஸ்தர்கள் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். "ஆனா குடும்பத்தோட வர்ற ஜனம் பாதியில எந்திரிச்சுப் போயிரும் தம்பி" என்று அனுப்பிவைத்தார்கள். முசஃபாவில் அவர் தங்கியிருந்த தொழிலாளர் கேம்பில் மூன்று வருடமாக ஒரே கேலி: "ஹீரோ, படம் எப்ப?"

கேலியைக் கேட்டுச் சலித்துப்போனவர் நூஹு. கீழக்கரைக்காரர், பக்கத்தில் டிவிடி கடை வைத்திருந்தார். அவரே அலைந்து அனுமதி வாங்கி, தெரிந்த தியேட்டரில் ஒரு வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்கு ஏற்பாடு செய்தார்.

கேம்ப் பஸ்ஸில் ஐம்பது பேர் போனார்கள். கார்மேகம் திரையில் வந்ததும் விசில் பறந்தது. அவர் சோற்றைப் பிசைந்து மகளுக்கு ஊட்டத் தொடங்கியதும் விசில் நின்றது. பிறகு ஒவ்வொருவராக எழுந்து வெளியே வந்தார்கள். உள்ளே உட்கார முடியாமல் கார்மேகமும் வாசலில்தான் நின்றார். கேம்ப் சமையல்காரர் அம்மையப்பன் நேராக அவரிடம் வந்து முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார்.

"பாவி! அப்பன்னு நம்பித்தானடா அந்தப் புள்ள வாயத் தொறந்துச்சு!"

"அண்ணே, அது நடிப்புண்ணே!"

"தெரியும்டா!" என்று இன்னொன்றும் வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

முதுகு எரிந்தது. ஆனாலும் கார்மேகத்துக்கு உள்ளுக்குள் ஏதோ நிறைந்த மாதிரி இருந்தது. அன்றே விஜயபாஸ்கருக்கு போன் போட்டார்.

"கடைசி வரைக்கும் எத்தன பேர் இருந்தாங்கண்ணே?"

"பதினேழு பேரு தம்பி. எந்திரிச்சு வந்தவுகள்ல ஒருத்தர் என்னய அடிச்சுப்புட்டாரு."

"அடிச்சாரா!" மறுமுனையில் அப்படி ஒரு சந்தோஷம்.

ஊரில் அந்தப் படம் தியேட்டருக்கு வரவே இல்லை. அம்மையப்பன் நான்கு நாள் கார்மேகத்துக்கு முகம் பார்க்காமல் குழம்பு ஊற்றினார். ஐந்தாம் நாள் தானாகவே பேசினார்.

அடுத்த லீவில் விஜயபாஸ்கர் புதுக் கதையோடு வீட்டுக்கு வந்தார். கார்மேகத்தின் மனைவி ராக்கம்மா அவரை வாசலிலேயே நிறுத்தினாள்.

"இந்தத் தடவ யாரக் கொல்லணும் தம்பி?"

"யாரையும் இல்லக்கா. அண்ணன்தான் சாகுறாரு."

அதற்குப் பிறகுதான் காபி வந்தது.