பாதத்தில் புண் இல்லை

அந்த ஆளை நான் மன்னிக்கவில்லை. இனியும் மன்னிப்பதாக இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் துபாயில் ஒரு கடையில் வேலை பார்த்த வருடங்களில், பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் அம்மா தனியாக இருந்தார். சர்க்கரை நோய். பாதம் மரத்துப்போய், முள் குத்தினாலும் தெரியாது. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் வீடுகளை நம்பியே டவுனில் ஒருவர் வீட்டு நர்சிங் சேவை தொடங்கியிருந்தார். வாரம் இரண்டு முறை நர்ஸ் வந்து சர்க்கரை பார்த்து, பாதத்தைப் புரட்டிப் பார்த்து எழுத வேண்டும். அந்தத் தாள் எனக்கு மெயிலில் வரும்.

ஒழுங்கென்றால் அப்படி ஒரு ஒழுங்கு. தேதி, நேரம், கையெழுத்து. 'மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து: சர்க்கரை கட்டுக்குள். பாதத்தில் புண் இல்லை.' ரம்ஜான் மாதத்திலும் அதே. நான் நோன்பு திறந்துவிட்டு, பிரவுசிங் சென்டரில் அதைப் படித்து, அல்ஹம்துலில்லாஹ் என்று எழுந்து போவேன்.

பெருநாள் முடிந்த வாரம், தஞ்சாவூரில் அம்மாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். விரலிடுக்கில் ஆரம்பித்த புண். பல வாரத்துப் புண் என்றார் டாக்டர்.

ஓடி வந்து கேட்டேன். "நர்ஸ் வரலையாம்மா?"

"நோன்புக்கு முன்னாடியே நின்னுட்டாங்க தம்பி. சொன்னா வேலையை விட்டுட்டு வந்துடுவியேன்னுதான் சொல்லல."

நர்சிங் சேவைக்காரர் எனக்கு ஜூஸ் வரவழைத்தார். "சார்ட்டைப் பாருங்க பாய். எங்க பக்கம் எல்லாம் பக்கா." அவர் நீட்டிய தாள்களை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தேன். திரும்பும் பஸ்ஸில் தாள்களை மறுபடி படித்தபோதுதான் கண் அங்கே நின்றது. ரம்ஜானில் மதியச் சாப்பாடு!

சுகாதாரத் துறைக்குப் புகார் எழுதினேன். விசாரணை நாள் வரை லீவை நீட்டிக்கொண்டு காத்திருந்தேன். அதிகாரி முன்னால், தாளில் ஒரு தேதியின் மேல் விரலை வைத்து, நர்சிங் சேவைக்காரரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"இந்த வெள்ளிக்கிழமை மதியம் எங்கம்மா என்ன சாப்பிட்டாங்க?"

"சுகர் பேஷண்டுக்கு என்ன பாய், கொஞ்சம் சோறு, கீரை. நர்ஸ் பக்கத்துல இருந்தே பாத்திருக்காங்க."

பள்ளிவாசலில் கொடுத்த நோன்பு நேர அட்டையை மேசையில் வைத்தேன். "அன்னைக்குப் பதினோராவது நோன்பு சார். நான் போன்ல எவ்வளவு சண்டை போட்டும் அவங்க ஒரு நோன்பைக்கூட விடல. பகல்ல பச்சைத் தண்ணி பல்லுல படாது. தெருவையே கூப்பிட்டுக் கேளுங்க."

அவர் முகம் செத்துப்போனது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு இனிக்கிறது. அனுமதி ரத்தாகி அவருடைய போர்டை இறக்கிய அன்று, எதிர் டீக்கடையில் நின்று கடைசி ஆணி கழலும்வரை பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து, "போர்டை இறக்கியாச்சும்மா" என்றேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்து, சேலை தட்டையாகக் கிடந்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார். குரலில் கோபமே இல்லை.

"நான் நோன்பை விடமாட்டேன்னு உனக்குத் தெரியும். அந்தத் தாளை நீயும்தானே தம்பி படிச்சே?"