நடுவருக்குக் கைதட்டிய கூட்டம்

எங்கள் அப்பாவுக்கு உலகத்திலுள்ள எல்லா நடுவர்களோடும் கோபம். அதிலும் கூடைப்பந்து நடுவர்கள் என்றால் சொல்லவே வேண்டாம். லண்டன் இல்ஃபோர்டில் எங்கள் வீட்டின் முன்னறையில் அமெரிக்கத் தொழில்முறை ஆட்டம் ஓடாத சனிக்கிழமை கிடையாது. ஷிப்ட் முடிந்து வந்து, தேத்தண்ணிக் கோப்பையோடு டிவிக்கு முன்னால் உட்கார்ந்தாரென்றால் வீடு நீதிமன்றமாகிவிடும். பெயர் பெற்ற ஆட்டக்காரன் பந்தைத் தட்டாமல் நாலு அடி நடந்தாலும் விசில் இல்லை, நேற்று வந்த பெடியன் ஒரு அடி கூடுதலாக வைத்தால் விசில் என்பது அவருடைய நிரந்தரக் குற்றச்சாட்டு. தொட்டதும் விழுந்து உருளுகிறவர்களை அவருக்குக் கண்ணில் காட்டக்கூடாது. அவர்களை நம்பி விசில் ஊதுகிறவர்களை அதைவிடக் காட்டக்கூடாது.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த ஒரே மைத்துனர் நடுவராகப் போனார். அம்மாவின் தம்பியான எங்கள் மாமா ஹவுன்ஸ்லோவில் இருந்தார். விமான நிலையத்தில் பெட்டிகள் ஏற்றும் வேலை. லீவு கிடைத்த நாளெல்லாம் எங்காவது ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் சாம்பல் நிறச் சட்டையோடு விசில் ஊதிக்கொண்டிருப்பார். கூடைப்பந்தை அவருக்குச் சின்ன வயதில் பழக்கியவரே அப்பாதான். அதனால் இருவரும் சந்தித்தால் சாப்பாடு ஆறிப்போகும்வரை வாக்குவாதம்.

"அத்தான், நீங்கள் டிவியிலை மூண்டு கோணத்திலை பாக்கிறியள். நிலத்திலை நிக்கிறவனுக்கு ஒரு கோணம்தான்" என்பார் மாமா.

"கோணமில்லை பிரச்சினை. கை. தீர்ப்பைக் காட்டேக்க கை நடுங்கக்கூடாது. நடுங்கினால் ஆடுறவன் மணந்து பிடிச்சிடுவான்" என்பார் அப்பா.

அது மாமாவைக் குத்துகிற பேச்சு என்பது எனக்கே தெரியும். முந்திய வருடம் தொழில்முறைப் போட்டிகளுக்கு நடுவராகச் சேர்வதற்கு மாமாவுக்கு ஒரு பரீட்சை ஆட்டம் கொடுத்திருந்தார்கள். அந்த மைதானத்துக்குச் சொந்தமான அணியின் சனம் ஊளையிட்டதும் இவருடைய கை பாதியில் நின்றுவிட்டதாம். அதோடு பெயரை வெட்டிவிட்டார்கள். எப்படியோ இன்னொரு ஆட்டம் கிடைத்தது. அவருடைய வயதுக்கு இதுதான் கடைசி, இதிலும் விழுந்தால் பிறகு பள்ளிக்கூட மண்டபம்தான் என்று சொல்லியே கொடுத்திருந்தார்கள். எனக்கு அப்போது பத்து வயது. அந்த வாரம் முழுக்க அம்மா மெழுகுதிரி கொளுத்தினார். அப்பா டிவியைக்கூடத் திட்டவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்ததும் அறிவித்தல் வாசிக்கும் ஐயா, ஒரு மரண அறிவித்தலுக்கும் பெருநாள் சமையலுக்கு ஆள் கேட்டதற்கும் நடுவில், இன்று பின்னேரம் நம்மவர் ஒருவர் பெரிய ஆட்டத்தில் நடுவராக நிற்கிறார், அனைவரும் சென்று உற்சாகப்படுத்த வேண்டும் என்று வாசித்தார். அப்பா தலையில் கைவைத்தார். யாருடைய வேலை என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

"ரெஃபரிக்கு ஆர் கைதட்டுறது? விசரே உனக்கு?" என்று கார் நிறுத்துமிடத்தில் அம்மாவிடம் கேட்டார்.

"தம்பிக்கு ஆக்களில்லை எண்டு நினைக்கப்போயினம்" என்றார் அம்மா.

அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் ஆட்களுக்கு ஒரு காரியம் நடக்கிறதென்றால் அங்கே சனம் நிற்க வேண்டும். கலியாணமோ, செத்தவீடோ, கடை திறப்போ, ஆள் கூடினால்தான் மரியாதை. நடுவருக்கு மட்டும் அது பொருந்தாது என்று யாருக்குத் தோன்றும்? பாதிக் கோயில் புறப்பட்டு வந்துவிட்டது. ஐஸ்கிரீம் பெட்டிகளில் மீன் ரோல்ஸும் கட்லட்டும் வந்தன. சேர்ந்து உட்காரக் கிடைத்த இடமோ, வெளியூர் அணியின் ஆட்டக்காரர்கள் உட்காரும் வாங்குக்கு நேர் பின்னால். அப்பா அதைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார்.

மாமா ஓடி வந்தபோதே எங்கள் பக்கம் எழுந்து நின்றது. முதல் விசில் அந்த மண்டபத்தின் சொந்த அணிக்காரன் ஒருவனுக்கு எதிராக. எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. நடுவர் என்பவர் ஆட்டம் முடியும்போது யாருக்கும் ஞாபகமிருக்கக் கூடாத ஆள் என்று அப்பா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். எங்கள் மாமாவோ முதல் நிமிடத்திலேயே மண்டபத்தின் மாப்பிள்ளை ஆகிவிட்டார்.

புள்ளி எழுதும் மேசைக்குப் பின்னால் நீல கோட் போட்ட மொட்டைத்தலை மனிதர் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். மாமாவைச் சோதிக்க வந்தவர் அவர்தான் என்று அப்பா என் காதில் சொன்னார். ஆட்டத்தைவிட அந்த மொட்டைத்தலையைத்தான் அப்பா அதிகம் பார்த்தார்.

இடைவேளையில், எங்களுக்கு முன்வரிசையில் சொந்த அணியின் கழுத்துச்சால்வையோடு இருந்த வெள்ளைக்காரக் கிழவர் திரும்பி, அந்த நடுவரைத் தெரியுமா என்று மிக மரியாதையாகக் கேட்டார். என் சொந்தத் தம்பி என்று அம்மா ஆங்கிலத்தில் பெருமையாகச் சொல்லி, ரோல்ஸ் பெட்டியையும் நீட்டினார். பக்கத்தில் நிற்பவர் என் கணவர், தம்பிக்கு ஆட்டம் பழக்கியவரே இவர்தான் என்று அப்பாவையும் அறிமுகப்படுத்தி வைத்தார். கிழவர் ரோல்ஸை எடுத்துக்கொண்டார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். அவர் அடுத்தவரிடம் சொன்னார்.

மூன்றாவது பகுதி தொடங்கியபோது கதை மண்டபத்தைச் சுற்றி வந்துவிட்டது. நடுவர் வெளியூர் அணிக்காரரின் ஆள், குடும்பத்தையே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்பதுதான் அது. மாமா விசில் ஊதும்போதெல்லாம் ஊளை எழும்பியது. எங்களை நோக்கி விரல்கள் நீண்டன. சொந்த அணியின் பயிற்சியாளர் மேசைக்குப் போய் எங்கள் பக்கம் கையைக் காட்டிக் கத்தினார். மொட்டைத்தலை மனிதர் தலையை நிமிர்த்தி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"ஒருத்தரும் தட்டாதையுங்கோ" என்றார் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு. எங்கள் பக்கம் அடங்கியது. அடங்கி என்ன பயன்? பெட்டி திறந்த இடத்தில் பிடிபட்ட கள்ளர்கள் மாதிரி முழுப்பேரும் ரோல்ஸை மடியில் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கீழே மாமா கலங்கத் தொடங்கினார். எங்களுக்கு முன்னாலேயே ஒருவன் மற்றவனுடைய கையில் பலமாக அடித்தான். மாமா ஊதவில்லை. அடுத்த தடவை ஊதினார், கையைத் தூக்கினார், கை தோளுக்கு மேலே போகாமல் நின்றுவிட்டது. மற்ற நடுவர்தான் வந்து தீர்ப்பைச் சொல்ல வேண்டியிருந்தது. மொட்டைத்தலை குனிந்து எதையோ குறித்துக்கொண்டது. "போச்சு" என்றார் அப்பா. அம்மா செபமாலையை எடுத்தார்.

கடைசிப் பகுதியில் ஆட்டம் முடிய கொஞ்ச நேரமே இருந்தது. வெளியூர் அணியின் உயரமான ஆட்டக்காரன் பந்தோடு கூடையை நோக்கிப் பாய்ந்தான். சொந்த அணிப் பெடியன் ஒருவன் இரண்டு காலையும் ஊன்றி அசையாமல் நின்றான். பாய்ந்தவன் அவன் நெஞ்சில் மோதி இருவரும் விழுந்தார்கள். மாமா ஊதினார். பாய்ந்தவன்மீதுதான் ஃபவுல். சரியான தீர்ப்பு. கால் ஊன்றி நிற்கிறவனை மோதினால் மோதியவன்தான் குற்றவாளி என்று அப்பா எனக்குச் சாப்பாட்டு மேசையில் உப்புக்குப்பியையும் மிளகுக்குப்பியையும் வைத்து விளங்கப்படுத்திய சட்டம் அது.

அந்த நேரத்தில்தான் அப்பா எழுந்தார்.

கழற்றி வைத்த குளிர்கோட்டைக் கதிரையிலேயே விட்டுவிட்டுப் படிகளில் இறங்கி, தடுப்பைத் தாண்டி, ஆடுகளத்தின் எல்லைக்கோட்டுக்குள் காலை வைத்தார். மாமாவைப் பார்த்து மண்டபம் கேட்க ஆங்கிலத்தில் கத்தினார். உனக்குக் கண் தெரியாதா, எவ்வளவு காசு வாங்கினாய், விசில் பிடிக்கத் தகுதியில்லாதவன் என்றெல்லாம். டிவிக்கு முன்னால்கூட அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். மண்டபம் அமைதியாகிவிட்டது. முன்வரிசைக் கிழவர், அது நடுவரின் அக்கா புருசன் அல்லவா என்று பக்கத்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

மாமா விசிலை வாயருகே பிடித்தபடி நின்றார். உதடு அசைந்தது. "அத்தான்" என்றுதான் அசைந்தது, எனக்கு நன்றாகத் தெரியும். அப்பா விடவில்லை, இன்னும் ஒரு அடி உள்ளே வைத்தார். மொட்டைத்தலை எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தது. நான் கதிரையின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தேன். மாமா அழுதுவிடுவார் என்று நினைத்தேன்.

மாமா விசிலை ஊதினார். கையை முழுதாக நீட்டி அப்பாவைக் காட்டினார். பிறகு வாசலைக் காட்டினார்.

மஞ்சள் சட்டைக் காவலர்கள் இருவர் வந்து அப்பாவின் இரண்டு பக்கமும் நின்றார்கள். அப்பா திமிறாமல் அவர்களோடு நடந்தார். எங்கோ ஒரு மூலையில் யாரோ கைதட்டினார்கள். பிறகு மண்டபமே தட்டியது. கிழவரும் தட்டினார். நான் அம்மாவின் கையை உதறிவிட்டு அப்பாவுக்குப் பின்னால் ஓடினேன்.

பிறகு நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாமாவுக்கு இடம் கிடைத்தது. அம்மாவுக்கு அந்தச் சந்தோசம் ஒட்டவேயில்லை. அக்காவின் புருசனை ஊர் பார்க்கக் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக வெளியேற்றியவன் என்று தம்பியோடு ஈஸ்டருக்கு முந்திய பெரியவியாழன்வரை பேசவில்லை. கோயிலில் சிலர் அப்பாவுக்குப் பொறாமை என்றார்கள். ஒரு சனிக்கிழமை மாமா, அப்பா விட்டுவந்த கோட்டை இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். அப்பா அதை வாங்கிக்கொண்டு, "வா, ஆட்டம் தொடங்கிட்டுது" என்றார். யார் மன்னிப்புக் கேட்கப்போகிறார்கள் என்று நான் கதவுக்குப் பின்னால் நின்று காத்திருந்தேன். இருவரும் டிவியில் நாலு அடி நடந்தவனைப் பற்றிச் சண்டை பிடித்தார்கள், அவ்வளவுதான்.

ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது மண்டபத்துக்கு வெளியே நின்ற அந்தக் கொஞ்ச நேரம். காவலர்கள் எங்களைப் பக்கக் கதவால் வெளியே விட்டுப் போனார்கள். நல்ல குளிர். அப்பா மெல்லிய சட்டையோடு நின்றார். கார் பக்கம் போகாமல், மூடிய கதவில் காதை வைத்தார். உள்ளே விசில் கேட்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார். ஊதி முடிந்தபின்னும் எதற்கோ காத்திருப்பதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அது சரியான ஃபவுல்தானே? அவன் காலூன்றி நிண்டவன்" என்று கேட்டேன்.

"ஓம். நல்ல ஃபவுல்" என்றார் அப்பா, காதைக் கதவிலிருந்து எடுக்காமல்.

அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் குழம்பிவிட்டது. உள்ளே முடிவுச் சங்கு ஊதியது. சனம் எழும்பும் சத்தமும் கைதட்டலும் வந்தன. யாரும் ஊளையிடவில்லை. அப்பா மெல்ல நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"என்னைக் காட்டேக்க மாமாவுக்குக் கை நடுங்கினதோ?"

"இல்லை" என்றேன். அதற்காகவே மாமாமீது எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

"கொஞ்சமும்?"

"கொஞ்சமும் இல்லை."

அப்பா சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வந்துகொண்டிருந்தது. தான் பழக்கிவிட்ட பெடியன் தனக்குக் கொஞ்சம்கூடப் பயப்படவில்லையே என்று அப்பா அழுகிறார் என நினைத்தேன். பாவமாக இருந்தது. அவருடைய குளிர்ந்த கையைப் பிடித்துக்கொண்டு, "அழாதையுங்கோ அப்பா. அடுத்த முறை கட்டாயம் நடுங்கும்" என்றேன்.

"சீ, அப்பிடிச் சொல்லாதை பிள்ளை" என்றார் அப்பா.

ஆறுதல் சொன்னதற்கு ஏன் ஏச்சு என்று எனக்கு விளங்கவில்லை. கார்வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தேன்.