‘டாய்’ என்றால் என்ன?

வலது கை கரண்டியைக் கோணாமல் பிடித்திருந்தது. இடது கை தாடைக்குக் கீழே துண்டை ஏந்தியிருந்தது. வழிந்த கூழை வழித்து, மறுபடி வாய்க்குள்ளேயே தள்ளினார் உதவியாள். கேரட், கோழி, சோறு எல்லாம் ஒரே மிக்ஸியில் அரைபட்டு, ஈரச் சாக்கு நாற்றத்தோடு சாம்பல் நிறத்தில் கிண்ணத்தில் கிடந்தன.

“டாய்!” என்றார் கட்டிலில் சாய்ந்திருந்த பெரியவர்.

உதவியாளுக்குச் சுருக்கென்றது. முன்பு மீன் சந்தையில் செதில் சுரண்டியவர். குடலுக்கும் சளிக்கும் முகம் சுளித்ததில்லை. இந்த முதியோர் இல்லத்தில் மலச்சட்டி கழுவியதற்கும் முணுமுணுத்ததில்லை. ஆனால் தனக்கே தலை நரைத்த பிறகு ஒருவர் ‘டாய்’ என்பதா?

“மரியாதை, மரியாதை! இந்தாங்க, இன்னொரு வாய்.”

“டாய்! டாய்!”

வீம்புக்கு இன்னொரு கரண்டியைத் திணித்தார். உள்ளே போனது அத்தனையும் திரும்பி வந்தது, மூக்கு வழியாகவும். உதவியாளின் சட்டைக் கைக்குள் வெதுவெதுப்பாக இறங்கியது. பெரியவர் “இஃஸா” என்று முனகிக் கண்ணை மூடிக்கொண்டார்.

நர்ஸம்மா எட்டிப் பார்த்தார். “மறுபடியுமா? ராத்திரிச் சாப்பாடும் தங்கலன்னா காலையில மூக்குல குழாய்தான்.”

போன முறை குழாயைப் பிடுங்காமலிருக்கப் பெரியவரின் கைகளைக் கட்டிலோடு கட்டினார்கள். கட்டியது இந்த உதவியாள்தான்.

சாயங்காலம் பெரியவரின் மகள் வந்தாள். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்குச் சின்ன வயதில், பிறந்த நாட்டில் பேசிய ஹீப்ரு மொழி மட்டுமே மிச்சம்; அது புரிவது அவளுக்கு மட்டும்தான்.

“உங்கப்பா என்னை டாய் டாய்ங்கிறாரும்மா. நான் என்ன அவர் வீட்டு எடுபிடியா?”

மகள் சிரித்துவிட்டாள். அப்பாவின் காலரில் காய்ந்திருந்ததைக் கண்டதும் சிரிப்பு நின்றது. “அண்ணே, ‘டாய்’னா ‘போதும்’. ரொம்பப் பழைய சொல்லு. வேண்டிய அளவுங்கிறதுதான் மூலம். முன்னாடி ‘கெ’ சேர்த்து ‘கெடாய்’னா, செய்யத் தகும்னு அர்த்தம்.”

போதும் போதும் என்று கெஞ்சிய வாயிலா திணித்தோம்? உதவியாள் தன் கையைப் பார்த்தார். செத்த எலியைப் பார்ப்பதுபோல் இருந்தது.

“அப்போ ‘இஃஸா’?”

“ச்சீ, உவ்வேன்னு. அதுக்கு மூலம் எதுன்னு எனக்குத் தெரியாதுண்ணே.”

“எனக்குத் தெரியும். கிண்ணத்துக்குள்ள கிடக்கு.”

மீந்த கூழை விரலால் தொட்டு நக்கினார். தொட்டியில் காறித் துப்பினார். கிண்ணத்தோடு நேரே சமையலறைக்குப் போனார்.

“அக்கா, இதை நீங்க ஒரு வாய் சாப்பிடுவீங்களா?”

“பல்லில்லாதவருக்கு விருந்தா வைப்பாங்க?” என்றார் சமையல்காரம்மா.

“விருந்து வேணாம். தனித்தனியா அரைங்க. நாய் கக்கினது மாதிரி இருக்கு.”

“நாயை ஏன் தம்பி கேவலப்படுத்துற?” என்றபடி நக்கிப் பார்த்தவர், முந்தானையால் நாக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு முணுமுணுத்தபடியே மிக்ஸியைக் கழுவினார்.

இருட்டும் முன்பே இரவுச் சாப்பாடு வந்தது. கேரட் ஆரஞ்சு நிறத்திலும் சோறு வெள்ளையாகவும் இருந்தன. கோழி இப்போதும் பார்க்கச் சகிக்கவில்லை. உதவியாள் ஒவ்வொரு வாய்க்கும் நிறுத்தி, “டாய்?” என்று கேட்டார். பெரியவர் தலையாட்டி மறுத்து வாயைத் திறந்தார். பாதிக் கிண்ணத்தில் மெதுவாக, “டாய்” என்றார்.

கரண்டி அப்படியே நின்றது.

தாடைக்குக் கீழே வாந்தி பிடிக்கும் பேசினை ஏந்திக் காத்திருந்தார். தொண்டை ஏறி இறங்கியது. ஓர் இருமல்; கட்டியாகச் சளி. துண்டில் வாங்கி மடித்தார். பேசினில் ஒன்றும் விழவில்லை. பெரியவர் லேசாகக் குறட்டை விடத் தொடங்கினார்.

நர்ஸம்மா வந்தார். “பாதிதானா?”

“பாதிதான். ஆனா தங்கிடுச்சு, பாருங்க” என்று உலர்ந்த பேசினை அவர் கையில் கொடுத்தார்.