மூன்றாவது சிலிண்டர்

வெயிலில் அந்த வேனுக்கு ஒரு குறையும் இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் இளவேனில் சாவியைத் திருப்பியதும் முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. ஐந்து நிமிடம் ஓடவிட்டுக் கேட்டாள். நாலு சிலிண்டரும் சீராக அடித்தன.

அவளுக்கு வேண்டியது அதுவல்ல. பதினாறு நாள் முன்பு, கொட்டுகிற மழையில், அவள் அப்பா வேலுமணி இந்த வேனை எதற்காக ஓரங்கட்டி இறங்கினார் என்று தெரிய வேண்டும்.

தெரிந்தது கொஞ்சம்தான். சாயங்காலம் நாலே முக்காலுக்குக் கடைசிப் பிள்ளையை வீட்டில் இறக்கிவிட்டிருக்கிறார். அன்னூருக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது சோளக்காட்டோரம் வண்டி நின்றிருக்கிறது. இஞ்சின் முன்சீட்டுக்கு அடியில். சீட்டைத் தூக்கி நிறுத்தியிருந்தார். கையில் துண்டு. பின்னால் வந்த பால் வண்டிக்காரர் பார்த்தபோது கதவோரம் சரிந்து கிடந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர், "ஹார்ட் அட்டாக். கால் மணி நேரம் முந்தி வந்திருந்தா பார்த்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

வண்டி நிற்காமல் ஓடியிருந்தால் நாலு நிமிடத்தில் பஸ் ஸ்டாண்டு. அதை ஒட்டித்தான் ஆஸ்பத்திரி.

வேலுமணி பிறந்தது அடுத்தவர் தோட்டத்துச் சாளைக் குடிசையில். அவருடைய அப்பன் அந்தத் தோட்டத்தில் பண்ணையாள். பதினாலு வயதில் இவரும் ஆள். பத்தொன்பதில் டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொண்டார். தோட்டக்காரரின் காரைக் கழுவலாம், துடைக்கலாம், உள்ளே உட்காரக் கூடாது. நாற்பது வயதில் பழைய பெட்ரோல் வேன் ஒன்றை வாங்கி வீட்டு முன்னால் நிறுத்திய அன்று, இஞ்சினை அணைத்துவிட்டு டிரைவர் சீட்டிலேயே அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். இளவேனிலின் அம்மா கருப்பாத்தாள், காபி ஆறிப்போகிறது என்று இரண்டு தடவை கூப்பிட்டும் இறங்கவில்லை.

அதிலிருந்து பதினான்கு வருஷம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கினார். எந்தப் பிள்ளைக்கு எந்த வளைவில் வயிற்றைப் புரட்டும் என்று அவருக்குத் தெரியும். அந்த வளைவில் வேன் மாட்டுவண்டி போலப் போகும்.

இளவேனில் எலெக்ட்ரிக்கல் படித்தாள். கோயம்புத்தூரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் சோதனைப் பிரிவு. முப்பதாயிரம் வோல்ட் கொடுத்து, மின்சாரம் எங்கே கசிகிறது என்று பார்ப்பது வேலை. வேலுமணி ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தது வேறு: "என்ற புள்ள இஞ்சின் டாக்டருங்க. காதுல கேட்டாப் போதும், நோவு சொல்லிப்போடும்."

ஐப்பசி மழை பிடித்ததும் அவர் போன் செய்தார்.

"மழை பேஞ்சா வண்டி ஒரு காலு நொண்டுது அம்மணி."

"எந்தக் காலுங்கப்பா?"

"அதச் சொல்லத்தான உன்னையப் படிக்க வெச்சேன்?"

"பிளக்கை மாத்திப் பாருங்க. ஞாயித்துக்கிழமை வாரேன்."

அந்த ஞாயிறு கம்பெனியில் ஆடிட். அடுத்த ஞாயிறு தூங்கிவிட்டாள். அதற்கடுத்தது நல்ல மழை. மூன்று தடவையும் அவர், "அதுக்கென்ன கண்ணு, வேல இருந்தா பாரு" என்றார். பிளக்கை மாற்றியாயிற்றா என்று இவள் கேட்கவில்லை.

மத்தியானம் சிக்கந்தர் வந்தார். அன்னூர்க் கடைவீதியில் வண்டிகளுக்கு வயரிங் பார்ப்பவர். வேலுமணிக்கு இருபது வருஷச் சிநேகிதம். வேனை வாங்க ஓர் ஆள் இருப்பதாகச் சொல்லத்தான் வந்திருந்தார்.

"அம்மணி, வண்டியக் குடுக்கறதுன்னு உங்கம்மா சொல்லிப்போட்டாங்க. வாங்கறவன் பாத்துக்குவான். நீ எதுக்கு இதுக்குள்ள தலைய உட்டுட்டு இருக்கற?"

"எதனால நின்னுச்சுன்னு தெரிஞ்சாப் போதுங்க மாமா. பொறவு குடுத்துக்கலாம்."

"தெரிஞ்சு?"

அவள் வீட்டுக்குள் போனாள். அம்மா துணிக்கு இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கும் பாட்டிலை நிறைத்து எடுத்து வந்தாள். வேன் நின்ற ஓட்டுக் கொட்டகையின் வாசலில் தார்ப்பாயை இறக்கிக் கட்டினாள். உள்ளே இருட்டியது.

"நல்ல கூத்து போ. வெளிய வெயில் கொளுத்துது, இவ உள்ள மழை பேய வெக்கறா" என்றார் சிக்கந்தர். ஆனாலும் சீட்டைத் தூக்கி மாட்டியது அவர்தான்.

இஞ்சின் ஓடியது. அவள் ஓர் இடத்தில் தெளித்தாள், நின்று கேட்டாள், துடைத்தாள், அடுத்த இடத்துக்குப் போனாள். வயர்கள் நாலும் நனைந்தன. ஒன்றுமில்லை. மின்சாரத்தை ஏற்றிவிடும் இக்னிஷன் காயிலும் நனைந்தது. ஒன்றுமில்லை. பிறகு, வயர்கள் நாலும் வந்து கூடும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் மேல் ஒரு தெளிப்பு.

வேன் உதறியது. தட், தட், தட், பிறகு ஓர் இடைவெளி. மறுபடி தட், தட், தட்.

"இதேதான்" என்றார் சிக்கந்தர். விளையாட்டுக் குரல் போய்விட்டது.

கைப்பிடிக்கு ரப்பர் போட்ட குறடால் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டினாள். ஒன்று, இரண்டு, நாலு: பிடுங்கும்போதெல்லாம் ஓட்டம் இன்னும் தளர்ந்தது. மூன்றாவதைப் பிடுங்கினாள். எந்த மாற்றமும் இல்லை. அது ஏற்கெனவே செத்திருந்தது. அணைத்து, மூன்றாவது பிளக்கையும் வயரையும் இரண்டாவதோடு மாற்றிப் போட்டாள். மறுபடி தெளித்தாள். இப்போதும் மூன்றாவதுதான். பிளக் இல்லை. வயர் இல்லை. போனில் அவள் சொன்னது தப்பு.

தலையைத் தாழ்த்தி மூடியைப் பார்த்தாள். மூன்றாவது வயர் நுழையும் இடத்திலிருந்து பக்கத்து இரும்புக் கொக்கிக்கு நீலமாக ஒரு நூல் துடித்தது. பிளக்குக்குப் போக வேண்டிய பொறி வழியிலேயே இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு திட்டு அதற்குப் பாதை கொடுத்திருந்தது. மஞ்சள் நிறம். நடுவில் சிவப்பு.

சந்தனம். குங்குமம்.

ஆயுத பூஜைக்கு வேலுமணி வேனைக் கழுவி மாலை போடுவார். கண்ணாடிக்கும் சக்கரத்துக்கும் கருப்பாத்தாள் பொட்டு வைப்பாள். இஞ்சினுக்கு மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. "அது என்ற புள்ள கையில." இந்த வருஷமும் இளவேனில்தான் வைத்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று, கிண்ணத்தில் விரலை முக்கி, கைக்கு எட்டிய இடத்தில் ஒரு தீற்றல். போன வருஷத்துத் தீற்றலின் மேல், அதற்கு முந்தின வருஷத்ததின் மேல். அது காய்ந்து கிடக்கும்வரை ஒன்றுமில்லை. ஈரம் ஏறினால் மின்சாரம் அதில் நடக்கும். நடந்து நடந்து நடுவே மயிரிழை போலக் கருகிய கோடு விழுந்திருந்தது. கம்பெனியில் இப்படி ஒரு மூடியில் விரல் ரேகை இருந்தாலே கழித்துப் போடுவாள்.

மூடியின் மற்ற இடமெல்லாம் பளபளவென்று இருந்தது. மழையில் நின்று துண்டால் துடைத்திருக்கிறார். பொட்டைச் சுற்றி, வளைத்து, விரல் நுனியால் துடைத்த தடம். பொட்டைத் தொடவில்லை.

சாவியைத் திருப்பி அணைத்தாள்.

தார்ப்பாயை விலக்கிக்கொண்டு கருப்பாத்தாள் உள்ளே வந்தாள். மகளையும் சிக்கந்தரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தெரிஞ்சுபோச்சாக்கும்?"

"நான் வெச்ச பொட்டும்மா."

"அதத் தொடைச்சுப் போடச்சொல்லி பாய் அன்னைக்கே சொன்னாருங் கண்ணு. உங்கொப்பன் கேட்டாத்தான? 'புள்ள வெச்சத நான் அழிக்கறதா'ன்னு ஒரே புடி."

இளவேனில் சிக்கந்தர் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு முன்னாலயே தெரியுங்களா மாமா?"

"மூடியா இருக்கும்னு தோணுச்சு. புதுசு ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். பத்து நிமிச வேல, நான் மாட்டறேன்னேன்." அவர் குறடைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "கேக்காத உட்டுட்டா நல்லதுன்னு பாத்தேன் கண்ணு."

"என்ன சொன்னாருங்க?"

"வேண்டாம் பாய்னான். புள்ள வந்து மாட்டட்டும், அவ வந்தா செய்யறதுக்கு ஒரு வேல இருக்கோணுமில்ல, அப்பத்தான வருவான்னான். நானும் சிரிச்சுப்போட்டுப் போயிட்டேன்."

வெளியே பக்கத்து வீட்டு மாடு கத்தியது. கருப்பாத்தாள்தான் முன்பக்க டப்பாவைத் திறந்து, பிள்ளைகள் விட்டுப்போன ரப்பர், பேனா மூடி, ஒற்றை சாக்ஸ் எல்லாவற்றையும் விலக்கி, ஓர் அட்டைப்பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். ஒட்டிய டேப் பிரிக்காமல் இருந்தது. மேலே பால்பாயிண்ட் பேனாவில், வேலுமணியின் கோணல் எழுத்தில், 'இளா வந்தா' என்று எழுதியிருந்தது.

அவள் பிரித்தாள். பழைய மூடியைக் கழற்றி அம்மாவின் கையில் கொடுத்தாள். புதியதை உட்கார வைத்துக் கொக்கிகளை மாட்டினாள். வயர்களை ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று அதனதன் இடத்தில் அழுத்தினாள். சிக்கந்தர் சொன்னது சரி. பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

சாவியைத் திருப்பினாள். ஓடியது.

மூடியின் மேல் தெளித்தாள். சீராக ஓடியது. வயர் மேல், காயில் மேல், மறுபடி மூடியின் மேல். ஓட்டத்தில் ஒரு சிறு பிசிறும் இல்லை. மூடியைச் சுற்றித் தண்ணீர் வழிந்தது. இஞ்சின் சூட்டில் ஆவி கிளம்பி அவள் முகத்தில் அடித்தது. ஒரே ஒரு தடவை நொண்டினால் போதும் என்றிருந்தது அவளுக்கு. வேறு ஏதாவது கோளாறு, அவள் கைக்கு எட்டாத ஏதாவது ஒன்று, இந்த இஞ்சினுக்குள் இருந்துவிட்டால் போதும். பாட்டிலை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

"போதும் அம்மணி" என்றார் சிக்கந்தர். "சரியாப்போச்சு."

பாட்டிலில் தண்ணீர் தீர்ந்து வெறும் காற்று வந்தது. அவள் விரல் நிற்கவில்லை. கருப்பாத்தாள் பழைய மூடியை முந்தானையில் முடிந்துகொண்டு, மகளின் கையிலிருந்து பாட்டிலை மெல்லப் பிரித்தெடுத்தாள். நாலு காலும் நன்றாக ஊன்றி வேன் ஓடிக்கொண்டிருந்தது.