பக்தர்களைத் தின்ற குரங்கு

திருத்தணி மலைப்படியில் என் வாழைப்பழத்தைக் குரங்கு பிடுங்கியபோதுதான் தோன்றியது: உயிர்கள் சந்தித்தால் என்ன நடக்கும் என்று விதிகளாக எழுத ஒரு கணினி மொழி வேண்டும். விலங்கியல் படிக்கும் அக்காவுக்கு மலைக் குரங்குகளைப் பற்றித்தான் புராஜெக்ட். அதற்காக நானே மொழி செய்து, முதல் விதியையும் எழுதினேன்: குரங்கு எதிரில் வருவதைத் தின்னும். ஓடவிட்டால், திரையில் பழங்கள் காலி, பக்தர்கள் காலி, மற்ற குரங்குகளும் காலி.

"இன்னாடா இது? மலையில ஒரே ஒரு குரங்கு உக்காந்துகினு கீது! நாளைக்கு சார்கிட்ட இதையா காட்டுவேன்?" என்றாள் அக்கா.

"அதுக்குப் பசிக்குதுக்கா."

"முதல்ல உன்னைத் தின்னிருக்கணும்."

எது எதைத் தின்னலாம் என்று சொல்லாத விதியையும் என் மொழி ஏற்றுக்கொண்டிருக்கிறது. இன்று மாலைக்குள், அப்படி ஒரு விதியைக் கண்டாலே ஓட மறுக்கும்படி அதை மாற்ற வேண்டும். பிறகு குரங்கு விதியையும் திருத்தி, பக்தர்களை மறுபடி மலையேற்றிப் பார்க்க வேண்டும்.