தோற்றவர் சொல்ல வேண்டிய வார்த்தை

மொட்டை போடுவதாக வேண்டிக்கொள்ளலாம் என்றால் நெடுஞ்செழியன் தலையில் முடி இல்லை. அதனால் பிரிட்ஜ்வாட்டர் கோயில் பெருமாளிடம் போய்த் தன் வீம்பையே நேர்ந்துவிட்டு வந்திருந்தார். சனிக்கிழமை சண்டர்லாந்து ஜெயித்தால், டெக்சாஸில் இருக்கும் மகள் தென்றலை அவரே முதலில் கூப்பிடுவார். மனிதரின் வீம்பு தெரிந்தவர்களைக் கேளுங்கள், மொட்டையெல்லாம் இதற்கு முன்னால் தூசு என்பார்கள்.

இப்போது குடியிருக்கும் வெஸ்ட் வின்ட்சருக்கு வருமுன் இங்கிலாந்தில், சண்டர்லாந்தில்தான் வேலை. அந்த ஊர்க் கால்பந்து அணி அவருக்குக் குலதெய்வம் போல ஆகிவிட்டது. பெற்ற பெண்ணோ ஆறு வயதில், கறுப்பு வெள்ளைச் சட்டை அழகாக இருக்கிறதென்று பக்கத்து ஊர் நியூகாசில் பக்கம் சாய்ந்தாள். அந்த இரண்டு ஊருக்கும் ஏழாம் பொருத்தம். வீட்டில் ஒரு சட்டம் பிறந்தது. இரண்டும் மோதினால், தோற்றவர் ஜெயித்தவரைத் தேடிப்போய் "சொல்லு, கேக்கறேன்" என்று உட்கார வேண்டும். ஜெயித்தவரின் கிண்டல் ஓயும்வரை தோற்றவர் வாயைத் திறக்கக் கூடாது.

பிறகு சண்டர்லாந்து சரிந்தது. இருபது அணிகளில் இருபதாவதாக முடித்துக் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. மறுவருஷம் அங்கேயும் இருபத்துநாலில் இருபத்துநாலாவது. லீகில் நியூகாசிலோடு மோத வழியே இல்லை.

தென்றல் வேலை கிடைத்து டெக்சாஸ் கிளம்பியபோது, "போனா போ, திரும்பி வராதே" என்று வாசலில் வாயை விட்டார். அதிலிருந்து பேச்செல்லாம் மனைவி காமாக்ஷி வழியாகத்தான். நடுவே 2024 ஜனவரியில், எல்லாப் பிரிவு அணிகளும் ஆடும் ஒரு கோப்பைப் போட்டியில் இரண்டு அணிகளும் மோதின. நியூகாசில் மூன்று, சண்டர்லாந்து பூஜ்யம். சட்டப்படி அவர் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை.

இப்போது கீழ்ப் பிரிவில் நாலாவதாக முடித்திருந்த சண்டர்லாந்து, ஷெஃபீல்டு யுனைடெட்டை இந்த ஓர் ஆட்டத்தில் ஜெயித்தால் மேல் பிரிவுக்கு ஏறிவிடும். ஏறினால் அடுத்த சீசனில் நியூகாசிலோடு இரண்டு ஆட்டம். அந்த ஜனவரிக் கணக்கைத் தீர்க்காமல் எந்த முகத்தோடு அந்த ஆட்டங்களைப் பார்ப்பது?

சனிக்கிழமை, தான் பார்த்தால் தோற்றுவிடும் என்று காமாக்ஷியை டிவி முன்னால் உட்காரவைத்துவிட்டு, அவர் பின்வாசலில் களை பிடுங்கினார்.

"ஒரு கோல் வாங்கிட்டாங்க," என்று உள்ளிருந்து குரல் வந்தது.

கைக்குக் கிடைத்ததையெல்லாம் பிடுங்கினார். அடிமனசில் ஒரு நப்பாசையும் எட்டிப் பார்த்தது: தோற்றால் கூப்பிட வேண்டாம். அந்த நினைப்புக்காகத் தன்னையே திட்டிக்கொண்டார்.

வெகுநேரம் கழித்து, "ஈக்வல் பண்ணிட்டாங்க," என்று வெளியே வந்த காமாக்ஷி தோட்டத்தைப் பார்த்தாள். "அது களை இல்லீங்க, என் மிளகாய் நாத்து."

அதற்குமேல் அவரால் வெளியே நிற்க முடியவில்லை. உள்ளே போய் டிவிக்கு முதுகைக் காட்டி நின்றார். ஆட்ட நேரம் முடிந்து, கூடுதலாகக் கொடுத்த நிமிஷங்களில் காமாக்ஷி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஜெயிச்சிட்டோம்ங்க."

சந்தோஷம் ஒரு மூச்சுதான் இருந்தது. தென்றல் எடுக்காவிட்டால்? எடுத்து, பிஸி என்று வைத்துவிட்டால்? மண் ஒட்டிய விரலால் பெயரை அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிடலாம் என்று நினைத்தபோது எடுத்தாள்.

"கங்க்ராட்ஸ்பா," என்றாள், பட்டும் படாமலும்.

"அதுக்குக் கூப்பிடல," என்றார். "மூணு-சைபர். நாங்கதான் தோத்தோம். சொல்லு, கேக்கறேன்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது.

"அன்னைக்கு ஃபுல் டே போனை கையிலேயே வெச்சிட்டு இருந்தேன்பா. பாத்ரூமுக்குக்கூட எடுத்துட்டுப் போனேன்."

சட்டப்படி அவர் பதில் சொல்லக் கூடாது. அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"சரி, ஃபர்ஸ்ட் கோல்லேர்ந்து ஸ்டார்ட் பண்றேன்," என்றாள் தென்றல். "அதை நாங்க போடவே இல்ல. உங்க கோல்ல நீங்களேதான் போட்டுக்கிட்டீங்க."